சோறு இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது: சின்ன டிஸ்க்கில் ஐநோட் தட்டுப்பாட்டைச் சமாளிக்க முழு வழிகாட்டி

நண்பர் ஒருவரின் இணையக் கடை, 8 ஜிபி டிஸ்க் உள்ள சின்ன வாடகை சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனால் காணவில்லை. சர்வருக்குள் போய் ஒரு ஃபோல்டரின் பெயரைப் பாதி தட்டி டேப் பட்டனை அழுத்தினேன். பெயர் நிறையவில்லை. தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை, டிஸ்க்கில் இடமில்லை என்று கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பேஷ் சொன்னது. டிஸ்க்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி.

கல்யாணப் பந்தியில் அண்டா நிறையச் சோறு இருக்கும். ஆனால் இலைக்கட்டு தீர்ந்துவிட்டால் அடுத்த பந்தியை உட்கார வைக்க முடியாது. அன்று அந்த சர்வரின் நிலை அதுதான். சோறு என்பது டிஸ்க்கில் இருக்கும் இடம். இலை என்பது ஐநோட்.

லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு ஃபோல்டருக்கும், ஒவ்வொரு குறியிணைப்புக்கும் ஓர் ஐநோட் வேண்டும். கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், கடைசியாக எப்போது மாறியது, அதன் உள்ளடக்கம் டிஸ்க்கின் எந்தெந்தத் துண்டுகளில், அதாவது பிளாக்குகளில், கிடக்கிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். பெயர் மட்டும் அதில் இருக்காது. பெயர் ஃபோல்டரில் இருக்கும். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் இந்த ஐநோட்களை ஃபார்மட் செய்யும்போதே எண்ணிப் பிரித்து வைத்துவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று என்று கணக்கு. 8 ஜிபிக்கு அது 5,24,288. அதற்குப் பிறகு ஒரு பைட் அளவுள்ள கோப்பைக்கூட உருவாக்க முடியாது. இருக்கிற ஃபைல் சிஸ்டத்தில் இந்த எண்ணை மட்டும் கூட்டும் கட்டளை எதுவும் கிடையாது.

பெரிய டிஸ்க்கில் இந்தத் தட்டுப்பாடு அபூர்வம். ஆயிரம் ஜிபி டிஸ்க்கில் ஆறு கோடிக்கும் மேல் ஐநோட் இருக்கும். சின்ன டிஸ்க்கில்தான் சிக்கல், ஏனென்றால் இயங்குதளம் கொண்டுவரும் கோப்புகளின் எண்ணிக்கை டிஸ்க் சின்னது என்பதற்காகக் குறைவதில்லை.

கட்டளைகளைக் கீழே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

படி 1: நோய் இதுதானா என்று பாருங்கள்

இடம் தீர்ந்தாலும் ஐநோட் தீர்ந்தாலும் லினக்ஸின் மையமான கெர்னல் திருப்பித் தருவது ஒரே பிழைதான், எண் 28. அதனால் செய்தியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டிஎஃப் கட்டளையோடு ஒரு சிறு கோடும் ஆங்கிலச் சிற்றெழுத்து ஐ-யும் சேர்த்துக் கொடுங்கள். மொத்த ஐநோட், பயன்பட்டது, மீதி, சதவீதம் என்று வரிசையாக வரும். சதவீதம் 100 என்று நிற்கும் வரிதான் குற்றவாளி. ரூட் பார்ட்டிஷனை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். நினைவகத்தில் இருக்கும் டெம்ப்எஃப்எஸ் பகுதிகளுக்கும் ஐநோட் உச்சவரம்பு உண்டு.

எக்ஸ்ட்4, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனருக்கு 5 சதவீத இடத்தை ஒதுக்கி வைக்கிறதே, ரூட்டாக நுழைந்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். அந்த ஒதுக்கீடு பிளாக்குகளுக்குத்தான். ஐநோட் தீர்ந்தால் ரூட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

படி 2: மூச்சுவிட இடம் பிடியுங்கள்

ஐநோட் முழுக்கத் தீர்ந்த சர்வரில் பேக்கேஜ் நிர்வாகியான ஏப்ட் ஓடாது, லாக் கோப்பு சுழலாது, எடிட்டர்கூட ஒழுங்காகச் சேமிக்காது. எனவே முதலில் சில டஜன் ஐநோட்களையாவது கையால் விடுவிக்க வேண்டும். பாதுகாப்பான இடம், வர் ஃபோல்டருக்குள் லாக் ஃபோல்டரில் ஜிஇசட் என்று முடியும் பழைய சுருக்கப்பட்ட லாக்குகள். அடுத்தது, அதே வர் ஃபோல்டரின் கேஷ் ஃபோல்டருக்குள் மேன் பக்கங்களுக்கான, அதாவது கட்டளை உதவிப் பக்கங்களுக்கான, தற்காலிகத் தொகுப்பு. அது தேவைப்படும்போது மறுபடி உருவாகிவிடும்.

உபுண்டு, டெபியன் சர்வர்களில் பெரிய மீன் ஒன்று வேறு இடத்தில் இருக்கும். யுஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் எஸ்ஆர்சி என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் லினக்ஸ்-ஹெடர்ஸ் என்று தொடங்கும் ஃபோல்டர் ஒன்று அங்கே வந்து சேரும்; ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் குட்டிக் கோப்புகள். பழையவை நீங்காமல் அப்படியே குவிந்திருக்கும். இப்போது எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று யுநேம் கட்டளையோடு ஆர் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதைத் தவிர்த்து மிகப் பழைய ஒரு ஹெடர்ஸ் ஃபோல்டரை மட்டும் ஆர்எம் கொண்டு நேரடியாக நீக்குங்கள். பேக்கேஜ் நிர்வாகிக்குத் தெரியாமல் நீக்குவது நல்ல பழக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நிர்வாகியே நகர முடியாமல் கிடக்கும்போது வேறு வழியில்லை. இடம் கிடைத்ததும் ஏப்ட்டின் பழுதுநீக்கும் நிறுவலை ஓட்டி, பிறகு ஆட்டோரிமூவ் கொடுங்கள். மிச்சப் பழசு எல்லாம் முறையாகப் போய்விடும். பலருக்கு விஷயம் இத்தோடு முடிந்துவிடும்.

படி 3: யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

2013 டிசம்பரில் வந்த கோர்யூட்டில்ஸ் 8.22 பதிப்பிலிருந்து டியு கட்டளைக்கு ஐநோட் எண்ணத் தெரியும்.

டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என் | டெயில் -30

எக்ஸ் எழுத்து, வேறு ஃபைல் சிஸ்டங்களுக்குள் தாவாமல் இருக்க. கடைசி முப்பது வரிகளில் மேலிருந்து கீழாக எண் கூடிக்கொண்டே வரும். தாய் ஃபோல்டரின் எண்ணுக்குள் பிள்ளைகளின் எண்ணும் அடங்கும் என்பதை மறக்காமல் படியுங்கள். சார்ட் கட்டளை பெரிய பட்டியலை வரிசைப்படுத்தத் தற்காலிகக் கோப்பு கேட்கலாம். அதற்கும் ஐநோட் வேண்டுமே. அப்படி முட்டினால் சார்ட்டுக்குப் பெரிய எழுத்து டி-யைக் கொடுத்து, டெவ் ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்எச்எம்-ஐக் காட்டுங்கள். அது நினைவகத்தில் இருப்பதால் டிஸ்க்கைத் தொடாது.

எண்ணிப் பார்த்தும் கணக்கு இடிக்கிறதா? இரண்டு இடங்களைச் சந்தேகப்படுங்கள். ஒன்று, நீக்கப்பட்ட பிறகும் ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பு. பெயர் போனாலும் ஐநோட் போகாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குக் கூட்டல் குறி, பெரிய எழுத்து எல், 1 ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பட்டியல் வரும். அந்தப் புரோகிராமை மறுதொடக்கம் செய்தால் விடுபடும். இன்னொன்று, மவுண்ட் புள்ளிக்கு (வேறொரு ஃபைல் சிஸ்டம் இணைக்கப்பட்ட ஃபோல்டருக்கு) அடியில் மறைந்து கிடக்கும் பழைய கோப்புகள். ரூட் பார்ட்டிஷனை வேறொரு காலி ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தால் அவை தெரியும்.

நண்பரின் சர்வரில் கடைசி வரியில் நின்றது, வருபவர்களின் லாகினையும் கூடையையும் நினைவில் வைக்கும் பிஎச்பி செஷன் ஃபோல்டர். கிட்டத்தட்ட நான்கு லட்சம் கோப்புகள். காரணம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. டெபியன் குடும்பத்தில் பிஎச்பி தானாகச் செஷன் குப்பையை அள்ளாது. அந்த வேலையை அரைமணிக்கு ஒருமுறை ஓடும் தனி ஸ்கிரிப்ட் செய்கிறது. ஆனால் கடையின் மென்பொருள் செஷன்களுக்குத் தன் நிரலிலேயே சொந்தமாக ஒரு ஃபோல்டரைக் குறித்திருந்தது. ஸ்கிரிப்ட் பிஎச்பியின் அமைப்புக் கோப்புகளில் உள்ள முகவரியைத்தான் பார்க்கும். நிரலுக்குள் எழுதியது அதன் கண்ணில் படாது. தேடுபொறி ரோபோக்கள் வந்துபோன ஒவ்வொரு முறையும் ஒரு காலிக் கோப்பு பிறந்தது. காலிக் கோப்புக்கு ஒரு பிளாக்கும் செலவில்லை, ஓர் ஐநோட் மட்டும் செலவு. அதனால்தான் இடம் குறையாமலே இலை தீர்ந்தது.

வேறு வழக்கமான ஆட்கள்: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பும் மெயில்கள் போக வழியின்றிக் குவியும் போஸ்ட்ஃபிக்ஸின் மெயில்டிராப் ஃபோல்டர், நோட் மாடியூல்ஸ், டாக்கரின் ஓவர்லே அடுக்குகள், ஒரு மடலுக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் மெயில்டிர், பேக் செய்யப்படாத கிட் ஆப்ஜெக்ட்கள்.

படி 4: பதறாமல் நீக்குங்கள்

லட்சக்கணக்கான கோப்புள்ள ஃபோல்டரில் நட்சத்திரக் குறி போட்டு ஆர்எம் கொடுத்தால், ஆர்க்யுமென்ட் பட்டியல் மிக நீளம் என்று திருப்பி அனுப்பிவிடும். சாதாரண எல்எஸ் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டுத்தான் காட்டும் என்பதால் அதுவும் உறைந்து நிற்கும். எஃப் எழுத்தைச் சேர்த்தால் வரிசைப்படுத்தாமல் உடனே கொட்டும். நீக்குவதற்கு ஃபைண்ட்தான் சரியான கருவி.

ஃபைண்ட் செஷன்-ஃபோல்டர் -டைப் எஃப் -எம்மின் +1440 -டிலீட்

1440 நிமிடம், அதாவது ஒரு நாளாக மாறாத கோப்புகள் மட்டும் போகும். இப்போது கடையில் இருப்பவர்களின் கூடை கலையாது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: டிலீட் என்ற சொல் கட்டளையின் கடைசியில்தான் வர வேண்டும். அதை முன்னால் எழுதிவிட்டால் நிபந்தனையைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் நீக்கிவிடும். முதல் முறை டிலீட் இல்லாமல் ஓட்டி, என்னென்ன பட்டியலாகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நீக்கி முடித்த பிறகும் அந்த ஃபோல்டரைப் படிக்கத் தாமதமாகும். எக்ஸ்ட்4 ஃபோல்டர், உள்ளே கோப்பு குறைந்தாலும் தான் வீங்கிய அளவிலேயே இருக்கும். அதே உரிமையாளர், அதே அனுமதிகளோடு புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, மிச்சக் கோப்புகளை நகர்த்தி, பெயரை மாற்றிவிடுங்கள்.

படி 5: ஊற்றை அடைத்துவிடுங்கள்

நீக்கிவிட்டு வந்துவிட்டால் சில மாதங்களில் அதே காலை மறுபடி விடியும். செஷன்களை ரெடிஸ் போன்ற நினைவகக் கிடங்குக்கு மாற்றலாம், அல்லது மேலே சொன்ன ஃபைண்ட் வரியைக் கிரானில் போடலாம். கிட் களஞ்சியங்களில் கிட் ஜிசி ஓட்டினால் ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட்கள் ஓரிரு பேக் கோப்புகளுக்குள் அடங்கிவிடும். ஒரே சர்வரில் பல நோட் புராஜெக்ட் இருந்தால் பிஎன்பிஎம் என்ற பேக்கேஜ் கருவி உதவும். அது ஒரே கோப்பை ஹார்டு லிங்க்காகப் பல இடத்தில் காட்டுவதால் எத்தனை பெயர் இருந்தாலும் ஐநோட் ஒன்றுதான். மெயிலுக்கு, பல மடல்களை ஒரே கோப்பில் அடுக்கும், டவ்காட் மெயில் சர்வரின் எம்டிபாக்ஸ். சொந்தமாக எழுதிய நிரல் லட்சக்கணக்கான குட்டித் துணுக்குகளைச் சேமிக்கிறதென்றால் அவற்றை எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்துக்குள் போடுங்கள்.

படி 6: ஒரு கோப்புக்குள் ஒரு டிஸ்க்

குட்டிக் கோப்புகள் உண்மையிலேயே தேவை, நீக்க முடியாது, டிஸ்க்கையும் மாற்ற முடியாது என்றால்? எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இடம் இருக்கிறது, ஐநோட்தான் இல்லை. அப்படியானால் ஒரே ஐநோட்டைச் செலவழித்து ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதற்குள் புதிய ஃபைல் சிஸ்டம் ஒன்றை அமைத்துவிடலாம்.

முதலில் சம்பந்தப்பட்ட சர்வீஸை நிறுத்துங்கள். பிறகு:

எஃப்அலொகேட் -எல் 1ஜி /வர்/செஷன்.ஐஎம்ஜி

ட்ரங்கேட் கொண்டும் கோப்பை உருவாக்கலாம், ஆனால் அது வெறும் வாக்குறுதிதான். பின்னால் வெளி டிஸ்க் நிரம்பினால் உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் எழுத இடமின்றிச் சிதையும். எஃப்அலொகேட் இடத்தை இப்போதே பிடித்துவைக்கிறது. அடுத்து, அந்தக் கோப்பையே டிஸ்க்காகக் காட்டி ஃபார்மட் செய்யுங்கள்:

எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 -பி 1024 -ஐ 2048 -எம் 0 -ஈ நோடிஸ்கார்ட் /வர்/செஷன்.ஐஎம்ஜி

பி எழுத்து பிளாக் அளவு. ஐ எழுத்து, எத்தனை பைட்டுக்கு ஓர் ஐநோட் என்பது. எம் எழுத்துக்கு 0 கொடுத்தால் ரூட்டுக்கான 5 சதவீத ஒதுக்கீடு வேண்டாம் என்று பொருள். மூன்றுமே சிற்றெழுத்து. ஈ மட்டும் பெரிய எழுத்து; நோடிஸ்கார்ட் இல்லாவிட்டால், எஃப்அலொகேட் பிடித்த இடத்தை ஃபார்மட் செய்யும்போதே திருப்பி விட்டுவிடும். பெரிய எழுத்து ஐ வேறு வேலை செய்யும். அது ஐநோட்டின் அளவைக் குறிப்பது. அதை 128 ஆக்கி இடம் மிச்சம் பிடிக்க ஆசை வரும். வேண்டாம். 128 பைட் ஐநோட்டில் தேதிகள் 2038-ஐத் தாண்டாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1 ஜிபியை 2048-ஆல் வகுத்தால் 5,24,288. முழு 8 ஜிபி டிஸ்க்கும் எத்தனை ஐநோட் வைத்திருந்ததோ, அதே எண்ணிக்கை இந்த ஒரு கோப்புக்குள் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் 256 பைட் என்பதால் ஐநோட் அட்டவணைக்கு 128 எம்பி போகும். கூடவே ஒரு லாபம்: 300 பைட் செஷன் கோப்பு, வெளியே 4 கேபி பிடித்தது, உள்ளே 1 கேபிதான் பிடிக்கும்.

இனி அதைத் தற்காலிகமாக எம்என்டி ஃபோல்டரில் லூப் ஆப்ஷனோடு மவுண்ட் செய்து, சிபி கட்டளையோடு ஏ எழுத்தைக் கொடுத்துப் பழைய கோப்புகளை நகலெடுங்கள். புதிய ஃபைல் சிஸ்டத்தின் உச்சி ஃபோல்டருக்கும் பழைய ஃபோல்டரின் உரிமையாளர், அனுமதிகளை அப்படியே வையுங்கள்; இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் பிஎச்பியைத் திட்டியவர்கள் உண்டு. பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி, அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். மவுண்ட் செய்யும் முன் அந்தக் காலி ஃபோல்டரின் மேல் சிஎச்ஆட்டர் கட்டளையால் கூட்டல் குறி ஐ பண்பைப் போட்டு எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். ஏன் என்றால், என்றாவது ரீபூட்டில் மவுண்ட் ஆகாமல் போனால், கோப்புகள் சத்தமில்லாமல் வெளி டிஸ்க்கில் குவியாது. பிழை உடனே வெளியே தெரியும். எம்என்டி-யிலிருந்து கழற்றி அந்தக் காலி ஃபோல்டரின் மேல் மவுண்ட் செய்து, பூட் ஆகும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் லூப், நோஏடைம், நோஃபெயில் ஆகிய ஆப்ஷன்களோடு ஒரு வரி சேருங்கள். நோஃபெயில் இருந்தால் இந்த மவுண்ட் தவறினாலும் சர்வர் பூட் ஆகிவிடும். சர்வீஸைத் தொடங்கி, ஒருமுறை ரீபூட் செய்தும் பார்த்துவிட்டு, அதன் பிறகே பழைய ஃபோல்டரை நீக்குங்கள்.

பின்னால் போதவில்லை என்றால் கழற்றி, அதே எஃப்அலொகேட்டில் பெரிய அளவைக் கொடுத்து, ஈ2எஃப்எஸ்சிகே-யோடு எஃப் எழுத்தையும் சேர்த்து ஓட்டி, ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்தால் வளர்ந்துவிடும். குறையும் உண்டு: ஃபைல் சிஸ்டத்தின் மேல் ஃபைல் சிஸ்டம் என்பதால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் கொஞ்சம் கூடுதல் வேலை. தரவுத்தளத்தை இதற்குள் வைக்க நான் சொல்லமாட்டேன். செஷன், கேஷ், மெயில் போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

படிக்க மட்டும் பயன்படும் கோப்புக் கூட்டம் என்றால் ஸ்குவாஷ்எஃப்எஸ் இன்னும் நல்லது. 2009-இல் லினக்ஸ் 2.6.29 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. ஒரு முழு ஃபோல்டர் மரத்தைச் சுருக்கி ஒரே கோப்பாக்கிவிடும். மவுண்ட் செய்தால் பழையபடி மரமாகத் தெரியும். ஜென்டூ பயனர்களுக்கு இது நெடுநாள் பழக்கம். அவர்களின் பேக்கேஜ் களஞ்சியம் லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிக் கோப்புகளால் ஆனது. சின்ன டிஸ்க்கில் அது ஒன்றே ஐநோட்டில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆக்கினால் செலவு ஓர் ஐநோட்.

டெம்ப்எஃப்எஸ் என்றால்

இது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீமவுண்ட் செய்து என்ஆர் அடிக்கோடு ஐநோட்ஸ் என்ற ஆப்ஷனில் புதிய எண்ணைக் கொடுக்கலாம். எதையும் நிறுத்த வேண்டாம்.

படி 7: டிஸ்க்கை வளர்க்க முடியுமானால்

எக்ஸ்ட்4-இல் ஐநோட் எண்ணிக்கையை நேரடியாகக் கூட்ட முடியாது. ஆனால் ஃபைல் சிஸ்டம் வளர்ந்தால் கூடவே ஐநோட்டும் வளரும். எக்ஸ்ட்4 டிஸ்க்கைக் குழுக்களாகப் பிரித்துக்கொள்கிறது; வழக்கமான 4 கேபி பிளாக்கில் 128 எம்பி ஒரு குழு. குழுவுக்கு 8,192 ஐநோட். பார்ட்டிஷனை 4 ஜிபி நீட்டி ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்தால் 32 குழுக்கள், 2,62,144 புதிய ஐநோட்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். விகிதம் மட்டும் மாறாது. குழுவுக்கு எத்தனை என்பது முதல் ஃபார்மட்டில் எழுதப்பட்ட விதி. எஸ்டி கார்டு இமேஜ்கள் முதல் பூட்டில் விரியும்போதும் இமேஜைத் தயாரித்தவர் வைத்த விகிதமே தொடரும்.

படி 8: மறுபடி ஃபார்மட்

எல்லாம் செய்தும் போதவில்லை என்றால் இதுதான். கோப்புகளை டார் கொண்டு வேறு கணினிக்கு அனுப்புங்கள்; எண் வடிவ உரிமையாளர், எசிஎல், எக்ஸ்அட்டர் ஆப்ஷன்களை விடாதீர்கள். ரூட் பார்ட்டிஷன் என்றால் ரெஸ்க்யூ பூட்டில் இருந்துதான் செய்ய முடியும். ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான பழைய யுயுஐடி-யைக் குறித்துவைத்து எம்கேஎஃப்எஸ்ஸில் பெரிய எழுத்து யு-வோடு கொடுத்தால் எஃப்எஸ்டேப்பைத் தொட வேண்டியிராது. பூட் ஃபோல்டரும் உள்ளேயே இருந்தால் சர்வரைப் பூட் செய்யும் கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும்.

எந்த விகிதம்? 8 ஜிபிக்கு 8192 என்று கொடுத்தால் 10,48,576 ஐநோட், அட்டவணைக்கு 256 எம்பி. 4096 என்றால் 20,97,152 ஐநோட், 512 எம்பி. நான் சின்ன வெப் சர்வருக்கு 8192 வைக்கிறேன். மெயில், பில்ட் வேலை செய்யும் டிஸ்க்குக்கு 4096. யாரோ எழுதிய குறிப்பைப் பார்த்து லார்ஜ்ஃபைல் என்ற வகையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது 1 எம்பிக்கு ஓர் ஐநோட். 8 ஜிபியில் வெறும் 8,192 கோப்புகளோடு கதவு சாத்திவிடும். வீடியோ காப்பகத்துக்கு ஏற்றது, மற்றவற்றுக்கு இல்லை.

எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் ஐநோட்டைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் 1 டிபிக்குக் குறைந்த டிஸ்க்கில் 25 சதவீதம் வரை ஐநோட்டுக்குப் போகலாம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. ஓடும்போதே எக்ஸ்எஃப்எஸ் அடிக்கோடு க்ரோஎஃப்எஸ் என்ற கட்டளை கொண்டு மாற்றலாம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் டிஎஃப் ஐநோட் எண்ணை 0 என்றே காட்டும். அங்கே தீர்வது மெட்டாடேட்டா இடம், அதைப் பார்க்க அதற்கென்று உள்ள கருவிதான் வேண்டும்.

காவல்

பெரும்பாலான கண்காணிப்பு அமைப்புகளில் இடத்துக்கு எச்சரிக்கை இருக்கும், ஐநோட்டுக்கு இருக்காது. ஒரு கிரான் வரி போதும்: டிஎஃப் கட்டளையில் அவுட்புட் ஆப்ஷனுக்கு ஐபிசென்ட் என்று கொடுத்தால் சதவீதம் மட்டும் தனியாக வரும், அது 80-ஐத் தாண்டினால் உங்கள் ஃபோனுக்குச் செய்தி வரும்படி செய்யுங்கள். அந்த ஸ்கிரிப்ட் டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பு எதையும் உருவாக்காமல், செய்தியை நேராக நெட்வொர்க் வழியாக அனுப்ப வேண்டும். உள்ளூர் மெயிலை நம்பினால், ஐநோட் தீர்ந்த அன்று அந்த மெயிலுக்கே கியூவில் ஓர் ஐநோட் கிடைக்காது.